சர்வே கல்லுக்கு இந்தப் பக்கம்

'தனியார் நிலம். நிறுத்தும் வண்டிகள் இழுத்துச் செல்லப்படும்' என்று எழுதியிருந்த பலகைக்கு நேர் கீழே தன் நீல டிரக்கைக் கொண்டுவந்து நிறுத்தினாள் ஆர்லீன். வேண்டுமென்றேதான் அந்த இடத்தில் நிறுத்தினாள். மறுநாள் எல்க் மான் வேட்டைக் காலம் தொடங்குகிறது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலம் முழுக்க ஜனங்கள் துப்பாக்கியும் கூடாரமுமாக மலையடிவாரங்களில் வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்த வெள்ளிக்கிழமை மதியம் அது.

சரளைச் சாலை முடியும் இந்தத் திடலில்தான் மலைக்கு ஏறும் ஒற்றையடிப் பாதை தொடங்குகிறது. முப்பது மைல் சுற்றளவில் வேறு வழி கிடையாது. பக்கத்துப் பண்ணை கைமாறி, ஊரில் யாரும் முகம் பார்த்திராத ஒரு பணக்காரர் வாங்கியதும் இந்தப் பலகை முளைத்தது. இரண்டு பேருடைய வண்டிகளைக் கட்டி இழுத்துப்போனார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. இரண்டு குளிர்காலமாக ஆர்லீன் வீட்டில் மான் கறி இல்லை. அவள் புருஷன் வெர்ல் கடை மாட்டிறைச்சியைக் கிளறியபடி, "இது அட்டைப்பெட்டி. ஆனா உப்பு போட்ட அட்டைப்பெட்டி" என்று புலம்பினான்.

ஆர்லீன் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மாலை வரை நேரம் அவளுடையது. மார்ச் மாதம் பத்து நாள் மாவட்ட நில அலுவலகத்தில் உட்கார்ந்து பழைய சர்வே ஏடுகளைப் புரட்டினாள். அரசு நிலத்தின் மூலையில் பித்தளைத் தலை வைத்த சர்வே கல் ஒன்று நட்டிருப்பதாக ஓர் ஏடு சொன்னது. ஓடை வளைவிலிருந்து இத்தனை அடி என்றும் அதில் இருந்தது. ஜூனில் அவளும் வெர்லும் இரும்பு பித்தளை தேடும் கருவியை இரவல் வாங்கிவந்து சல்லடை போட்டுத் தேடினார்கள். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, புதருக்கடியில் ஒரு சாண் ஆழத்தில் கல் அகப்பட்டது. பலகையைத் தாண்டி பண்ணைப் பக்கமாக எழுபது தப்படி தள்ளி! அப்படியானால் திடல் முழுவதும் அரசு நிலம்.

"இப்பவே போய் அவனுங்க மூஞ்சியில சொல்லிட்டு வரலாமா?" என்று வெர்ல் குதித்தான்.

"மூடு மண்ணைப் போட்டு. வேட்டை சமயத்துல சொன்னாத்தான் ஊருக்கே கேக்கும்."

இந்த வெள்ளிக்கிழமை, டிரக்கை நிறுத்திவிட்டு அவள் பூட்ஸ் கயிற்றைக் கட்டி முடிப்பதற்குள் பண்ணை மேலாளர் டெக்ஸ்டர் வந்துவிட்டான். பின்னாலேயே வண்டி இழுக்கும் லாரியும் வந்தது.

"இந்தாம்மா, பலகை கண்ணுக்குத் தெரியலையா?"

"நல்லாத் தெரியுது. ஒரு எழுத்துப்பிழை கூட இல்ல. இடம்தான் பிழை."

டெக்ஸ்டர் லாரிக்காரனிடம் திரும்பினான். "கஸ், கொக்கியை மாட்டு."

கஸ் இறங்கினான், ஆனால் கொக்கியைத் தொடவில்லை. "போன ஜனவரியில இந்தம்மா பஸ்ஸைப் பனியிலேருந்து இழுத்தது நான்தான். உள்ள முப்பது புள்ளைங்க. ஒண்ணு கூட அழல. பாட்டு பாட வச்சிருந்தாங்க. இவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு மாட்டறேன்."

"கஸ், நான் ஷெரிஃப் ஆபீஸுக்குப் போன் பண்ணிட்டேன்," என்றாள் ஆர்லீன். "அவங்க முன்னாடியே சொல்றேன்."

டிரக்கிலிருந்து மண்வெட்டியை இறக்கி வைத்தாள். ஏட்டை ஒருவேளை தப்பாகப் படித்திருந்தால்? வண்டியும் போகும், ஊர் சிரிப்பும் மிஞ்சும்.

ஷெரிஃப் அலுவலகத்துப் போலீஸ்காரன் டெபுடி லைல் வந்து இறங்கியதும், அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எழுபது தப்படி எண்ணி நடந்தாள். மற்ற மூவரும் பின்னால் வந்தார்கள். நாலு வெட்டு வெட்டியதும் பித்தளை பளிச்சென்றது. அவள் மண்டியிட்டுக் கையுறையால் மண்ணைத் துடைத்தாள். ஆண்டும் நில எண்ணும் அச்சடித்த காசுபோல் தெளிவாக நின்றன. சட்டைப் பையிலிருந்து முத்திரை வைத்த ஏட்டுப் பிரதியை எடுத்து லைலிடம் நீட்டினாள்.

லைல் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். நில அலுவலகத்துக்கே போன் போட்டு எண்களைப் படித்துக் காட்டி, வெகுநேரம் 'ம்' கொட்டினான்.

"டெக்ஸ்டர், அரசு நிலத்துல நிக்கிற வண்டியை இழுத்தா அதுக்குப் பேரு திருட்டு. அரசு நிலத்துல பொய்ப் பலகை நட்டா அதுவும் குத்தம். சாயங்காலத்துக்குள்ள புடுங்கிடுங்க."

"முதலாளிகிட்டக் கேக்கணும்."

"கேளுங்க. புடுங்கிட்டுக் கேளுங்க."

கஸ் சிரித்த சிரிப்பில் புதருக்குள் இருந்த கௌதாரிகள் பறந்தன. டெக்ஸ்டர் வண்டியேறிப் போனான்.

பாதையை மறிக்காதபடி டிரக்கை ஓரமாக ஒதுக்கி, பேரும் திரும்பும் நாளும் எழுதிய சீட்டைக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டு ஆர்லீன் மலையேறினாள். இரண்டு வருஷமாக மனிதக் காலே படாத பாதை. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, புல்சரிவில் நின்ற கொழுத்த பெண் எல்க் ஒன்றை ஒரே குண்டில் வீழ்த்தினாள். அன்று முழுக்க அறுத்துக் கூறுபோட்டு மரத்தில் தொங்கவிட்டாள். ஞாயிறு மதியம் ஒரு பின்னந்தொடையை முதுகில் சுமந்து இறங்கினாள். வண்டி இருக்குமா என்ற பயம் வேறு.

கடைசித் திருப்பத்தில் நின்றுவிட்டாள். பலகை நின்ற இடத்தில் குழிதான் இருந்தது. திடல் நிறைய டிரக்குகள், குதிரைகளை ஏற்றிவரும் வண்டிகள். பதினாலு வரை எண்ணினாள். நடுவில் வெர்ல் கைத்தடியை ஆட்டிக்கொண்டு, "ஏய், பாதையை மறிக்காம நிறுத்துப்பா!" என்று அதட்டிக்கொண்டிருந்தான். கஸ் எல்லாருக்கும் கதையைச் சொல்லிவிட்டிருந்தான்.

அவளைக் கண்டதும் கூட்டம் ஓவென்று கத்தியது. முன்பின் தெரியாத ஒருவர் தோளிலிருந்து சுமையை வாங்கிக்கொண்டார். இன்னும் நாலு பேர் பையை மாட்டியபடி, "மீதி எங்க தொங்குது? சொல்லுங்க, நாங்க இறக்கிட்டு வர்றோம்" என்றார்கள்.

அப்போது இன்னொரு டிரக் வந்து நின்றது. "இடமில்லையா?" என்று உள்ளேயிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"பொறும்மா," என்றாள் ஆர்லீன். சாவியைத் திருகித் தன் வண்டியை நாலடி முன்னால் நகர்த்தினாள். "இப்ப வா. தாராளமா வா."