கண்ணாடிக்காக அடைத்த தெரு

"உங்க கண்ணாடிக்குத் தங்க முலாம். எங்க வண்டிக் கதவுக்குக் கயிறு. எந்த ஊரு நியாயம்க்கா இது?"

காலைச் சாப்பாட்டோடு இந்தக் கேள்வியையும் தவறாமல் பரிமாறுவான் தம்பி. அரசு ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். அக்காவுக்கோ, விண்வெளிக்குப் போகும் தொலைநோக்கியின் கண்ணாடியை மெருகேற்றும் பட்டறையில் வேலை.

"இன்னிக்கு ஒரு நாள் வாயை மூடிட்டு இருடா. கடைசிச் சோதனை. பணம் குடுக்கறவங்க நேர்ல வர்றாங்க. சரியா வரலைன்னா மொத்தத்தையும் இழுத்து மூடிருவாங்க."

"மூடட்டுமே."

"மூடினா உனக்குக் கதவு வந்துருமாக்கும்?"

அவன் தட்டைக் கழுவப் போனான்.

சோதனை நாளில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஆள் நிற்கக் கூடாது. உடம்புச் சூட்டுக்கே காற்று நெளியும், பிம்பம் கலங்கும். லிஃப்ட் ஓடாது, தண்ணீர் மோட்டார் ஓடாது, பின்பக்கத் தெருவில் வண்டி ஓடாது. மெருகேற்றுகிறவர்களுக்கு அன்று காவல் வேலைதான். அக்கா தெருமுனைத் தடுப்புக் கட்டையருகே நின்றாள். சுவரில் சிவப்பு விளக்கு எரிந்தால் சோதனை நடக்கிறது என்று அர்த்தம்.

விளக்கு எரிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். சைரன் கேட்டது. கூடவே, கயிறு கட்டிய கதவின் தடதடப்பு.

"கட்டையைத் தூக்குக்கா. பெரியவருக்கு மூச்சு திணறுது. சுத்திப் போனா தாங்கமாட்டார்."

அவள் ஒரு தடவை விளக்கைத் திரும்பிப் பார்த்தாள். கை அதற்குள் கட்டையைத் தூக்கிவிட்டிருந்தது. வண்டி குலுங்கிக்கொண்டு பாய்ந்தது.

தலைமைப் பொறியாளர் வெளியே வந்தார். பட்டறையில் அவருக்குப் பெயர் 'உஷ்'. வாயைத் திறந்தால் அதுதான் வரும்.

"படம் பூரா அலை. யாரும்மா விட்டது?"

"நான்தான் சார். ஆம்புலன்ஸ்."

"உள்ள ஆள் இருந்தாங்களா?"

"ஒரு பெரியவர்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப என்ன பண்றது, விடத்தான் வேணும். அதிர்வு அடங்கினதும் இன்னொரு தடவை பாப்போம். ஆனா ஒண்ணே ஒண்ணுதான். வந்தவங்க ரயிலுக்குப் போகணுமாம்."

விளக்கு மறுபடி எரிந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஆம்புலன்ஸ் நிறுத்தும் கொட்டகை இந்தப் பக்கம். ஆளை இறக்கிவிட்டு அவன் இதே வழியாகத்தானே திரும்புவான்? போன் போட்டாள். வண்டியில் இருக்கும்போது அவன் எடுக்க மாட்டான்.

தெருக்கோடியில் ஆம்புலன்ஸ் தெரிந்தது. சைரன் இல்லை. இன்ஜின் சத்தமும் இல்லை. தம்பி ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி வெளியே நின்று தள்ளிக்கொண்டிருந்தான். பின்னால் உதவியாளரும், வழியில் அகப்பட்ட ஆட்களும். எல்லோரும் செருப்பைக் கழற்றியிருந்தார்கள். கதவு ஆடாமலிருக்க இடுக்கில் போர்வையைச் செருகியிருந்தான்.

கட்டையைத் தாண்டியதும் அவன் மூச்சு வாங்கக் கிசுகிசுத்தான்.

"ஆக்சிஜன் சிலிண்டர் காலி, கொட்டகையில மாத்தணும். இல்லைன்னா ஆஸ்பத்திரியிலயே கிடந்திருப்பேன். உன் கண்ணாடிக்காகன்னு நினைச்சுக்காத."

"நினைக்கலைடா. பெரியவர்?"

"பொழைச்சுக்கிட்டார். கட்டைக்கிட்ட வண்டி ஏன் நின்னுச்சுன்னு கேட்டார். சொன்னேன். அந்தக் கண்ணாடியில என்ன தெரியும்னு கேக்கறார். என்ன தெரியும்க்கா?"

"தெரியாதுடா. தெரிஞ்சிருந்தா எதுக்குச் செய்யப் போறோம்?"

"இதைப் போய்ச் சொன்னா மறுபடி மூச்சு திணறும் அவருக்கு."

சிரிப்பை அடக்க அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். விளக்கு அணைந்தது. மாடி ஜன்னலைத் திறந்து உஷ் தெருவே கேட்கக் கத்தினார்.

"அலையே இல்லைம்மா. சம்மதிச்சுட்டாங்க."

அக்கா சட்டென்று கட்டையைப் பிடித்துக்கொண்டாள். தம்பி போர்வையை உருவி அவள் கையில் திணித்தான்.

"கண்ணைத் துடை. விண்வெளியிலேர்ந்து முதல் படம் வந்தா ஒண்ணு எடுத்துட்டு வா. பெரியவர் விடமாட்டார்."

"வர்றேன். நாளைக்கு உன் ஆபீசுக்கும் வர்றேன். அந்தக் கதவு விஷயமா ரெண்டு பேரும் சேர்ந்தே கேப்போம்."

"சத்தமா கேக்கணும்க்கா. உங்க பட்டறை மாதிரி உஷ்னு இருக்கக் கூடாது."

சாவியைத் திருகினான். வண்டி தடதடவென்று கிளம்பியது.