அப்பாவின் நீர் மாத்திரை

குத்துச்சண்டைக் கூடத்தில் அவளுக்குப் பொடிசு என்று பேர். இருப்பதிலேயே குறைந்த எடைப் பிரிவில்தான் இறங்குவாள். வயது ஏற ஏற உடம்பு அந்தப் பிரிவுக்குள் அடங்க மறுத்தது. தேர்வுப் போட்டி நெருங்கியபோது சாப்பாட்டைக் குறைத்தாள், கம்பளிச் சட்டையோடு ஓடினாள். எடைமுள் அசைந்து கொடுக்கவில்லை.

அப்பா ஓய்வுபெற்ற வெல்டர். இதயம் பலவீனம். காலையில் நீர் மாத்திரை போட்டால் மதியம் வரைக்கும் நாற்காலிக்கும் பாத்ரூமுக்குமாக நடையாய் நடப்பார்.

"பேசாம அங்கயே குடித்தனம் போயிடலாம்" என்பார்.

அவள் கேட்டுச் சிரித்தாள். பிறகு அவருடைய மாத்திரை அட்டையிலிருந்து எடுத்துப் போட ஆரம்பித்தாள்.

எடை மளமளவென்று இறங்கியது. நாக்கு காய்ந்து தக்கை மாதிரி ஆனது, கெண்டைக்கால் சுண்டி இழுத்தது. தோள் வலிக்கு வலி மாத்திரையும் போட்டுக்கொண்டாள். போட்டியன்று எடை பார்த்தவர் சரி என்று தலையாட்டினார். முதல் சுற்றில் எதிராளி கை ஓங்குவதற்குள்ளேயே இவள் மடங்கி விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா துருவித் துருவிக் கேட்டார். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை.

"கிட்னி ரத்தத்தை வடிகட்டிட்டு, உப்பைத் திரும்ப உள்ள எடுத்துக்கும். உப்போட தண்ணியும் வந்துடும். இந்த மாத்திரை அந்த உப்பை எடுக்க விடாது. உங்கப்பா உடம்புல தண்ணி தேங்குது, அவருக்கு அது நல்லது. உனக்குத் தேங்கின தண்ணி ஏது? ரத்தத்துலேர்ந்துதான் போச்சு. கிட்னிக்கே ரத்தம் பத்தல. போதாததுக்கு வலி மாத்திரை வேற, வந்த கொஞ்ச ரத்தத்தையும் தடுத்துடுச்சு."

யாரோ பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அதே அவசரப் பிரிவுக்கு அப்பாவையும் கொண்டுவந்தார்கள். மாத்திரை இல்லாமல் ஒப்பேற்றியதில் கால் வீங்கி, நுரையீரலில் நீர் கோத்திருந்தது. இவளுக்கு ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றினார்கள்; அவருக்கு ஊசி போட்டுத் தண்ணீரை இறக்கினார்கள். அம்மா நடுவில் ஸ்டூலில் இருந்தாள். எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

"அட்டை சீக்கிரம் காலியாகுதேன்னு பார்த்தேன். வயசாச்சு, மறந்துபோய் ரெண்டு தடவை போட்டுக்கிறேன் போலிருக்குன்னு நெனச்சேன். அதான், போட்டதே போதும்னு புதுசு வாங்காமலே விட்டுட்டேன்" என்றார் அப்பா.

"நான்தாம்ப்பா எடுத்தேன்."

"அம்மா சொன்னா."

"திட்டுப்பா."

"மூச்சு வாங்குதும்மா. அப்புறம் திட்டுறேன்."

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

அப்பா பிழைத்துக்கொண்டார். அவளுக்கும் சிறுநீர் பழையபடி இறங்கியது. ரத்தப் பரிசோதனையில், கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு குறைந்துகொண்டே வந்து, இயல்புக்குக் கொஞ்சம் மேலேயே நின்றுவிட்டது. "இதுக்கு மேல முழுசா சரியாகும்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா. சரி என்றாள்.

பயிற்சியாளர் போன் பண்ணினார். "மேல் பிரிவுக்கு வர்றியா? அங்க எல்லாரும் உன்னைவிட நெட்டைதான்."

"டாக்டர் சொல்லட்டும் சார்" என்று போனை வைத்துவிட்டாள்.

அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். போய் உட்கார்ந்து, தட்டில் வைத்ததை எல்லாம் தின்றாள்.