வேறுபாடு இல்லை

நாகலூருக்கு மேலே இருந்த ஓர் எஸ்டேட்டில், காப்பிப் பழத்தைத் தோலுரிக்கும் பல்பர் மெஷினில் சேலை சிக்கி ஒருத்தி செத்துப்போனாள். மெஷினைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். ஆனாலும் சாயங்காலமானால் அது ஓடும் சத்தம் கேட்கிறது என்று ஆட்கள் வேலையை விட்டுப் போனார்கள். 1984இல் முதலாளி என்னை வரவழைத்தார். நான் சேலத்தில் புள்ளியியல் வாத்தியார். பேய் என்றாலே எனக்கு எரிச்சல்.

"கதை தெரிஞ்சவன் காதுக்குத்தான் சத்தம் கேக்கும். நிரூபிச்சுக் காட்டறேன்" என்றேன், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் லாசரிடம்.

கூலியாட்கள் குடியிருந்த மேல் லைன் வீடுகளில் கதை தெரிந்த பழைய ஆட்கள் ஐம்பது பேர். கீழ் லைனில் தருமபுரிப் பக்கமிருந்து புதிதாக வந்த ஐம்பது பேர். அவர்களிடம் யாரும் மூச்சு விடவில்லை. சாயங்காலத்தில் என்ன சத்தம் கேட்கிறது என்று ஒவ்வொருவரையும் தனியாக விசாரித்தோம். மெஷின் ஓடுகிறது என்றவர்கள் மேலே இருபத்தொரு பேர், கீழே இருபது பேர்.

எஸ்டேட் பங்களாவில் லாசரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இரண்டு விகிதங்களுக்கும் வேறுபாடு இல்லை. கதை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒன்றுதான் என்றால், அவர்கள் காதில் விழுவது கதை அல்ல. எங்கோ தப்புச் செய்திருக்கிறேன் என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன். பனி இறங்கி ஜன்னலை அடைத்தது. வெளியே ஒரே இரைச்சல்.

"லாசர், அந்த மெஷினைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. கணக்கே ஓடமாட்டேங்குது."

லாசர் நகரவில்லை. மெல்லச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க சார், உங்களை எந்த லைன்ல சேக்கறதுங்க?"