எல்லா அறையிலும் தம்பி

கூடத்து ஸ்பீக்கரைக் குணசேகரன் கடப்பாரையால் அடித்ததும் தம்பியின் குரல் அங்கே அறுந்தது. அடுப்படியில் அதே குரல் தொடர்ந்து பேசியது.

“நாளைக்குக் காலையில திருச்சியில எறங்கிடுவேண்ணே. அதுவரைக்கும் அப்பாவ எடுத்துடாத.”

பந்தல்கால் ஊன்றுவதற்காக எடுத்த கடப்பாரை அது. கூடத்துப் பெஞ்சில் அப்பா பஞ்சநதம் மாலையோடு கிடந்தார். சுற்றி அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒப்பாரியைப் பாதியில் விழுங்கிவிட்டுச் சுவரோரம் ஒண்டினார்கள்.

போன வருடம் தோகாவிலிருந்து வந்த தம்பி அரவிந்தன் அறைக்கு அறை மாட்டிவிட்டுப் போன சனியன்கள். வாதத்தில் விழுந்த அப்பா எங்கே கிடந்தாலும் தன் குரல் கேட்க வேண்டுமாம். மாடியில் ஒரு வைஃபை பெட்டி, கீழே ஒன்று, கரண்ட் போனாலும் நிற்காமலிருக்கத் தனி பேட்டரி. கஜா புயலே திரும்பி வந்தாலும் பேசும் என்றான். பேசத்தான் செய்தது. “அண்ணே, மாத்திரை குடுத்தியா?” “அண்ணே, திருப்பிப் படுக்க வச்சியா?” பீ அள்ளிய கையைக் கழுவப் போனால் அங்கேயும் விடாமல் விரட்டியது. ஊர் முழுக்க அரவிந்தன் புராணம்தான். நீ சாப்பிட்டியா என்று குணசேகரனை ஒரு நாய் கேட்டதில்லை.

“நாந்தாண்டா மூத்தவன்! கொள்ளி என் கையில. பொழுது சாயறதுக்குள்ள எடுத்தாகணும்!”

அடுப்படி ஸ்பீக்கர் சிதறி நேற்றைய குழம்புச் சட்டியில் விழுந்தது. பின்னால் வந்து இடுப்பைக் கட்டிய பங்காளி செல்லதுரைக்கு முழங்கையால் மூக்கில் ஒன்று விழுந்தது. அவர் ரத்தத்தோடு உட்கார்ந்துவிட்டார். குணசேகரன் மெயின் சுவிட்சை இறக்கினான். ஃபேன் நின்றது, தம்பி நிற்கவில்லை. மாடிக்கு ஓடி அங்கிருந்த ஸ்பீக்கரையும் நொறுக்கினான்.

“மொகத்த மட்டும் பாத்துக்கிறேண்ணே. ஒரு ராத்திரிதான.”

இப்போது அப்பாவின் அறையிலிருந்து வந்தது. அங்கே அம்மா தங்கமணி கட்டிலில் உட்கார்ந்து, கடைசி ஸ்பீக்கரை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். நெற்றி நிறையக் குங்குமம், தலை நிறையப் பூ. பத்தாம் நாள் உடைப்பதற்காகப் பெண்கள் சற்றுமுன் போட்டுவிட்ட கண்ணாடி வளையல்கள் முழங்கை வரைக்கும் இருந்தன.

“குடும்மா.”

“மாட்டேன்.”

“குடுக்கிறியா இல்லியா?”

ஓங்கிவிட்டான். அவள் கையைக் குறுக்கே நீட்டினாள். இழுத்துப் பார்த்தும் இரும்பு நிற்கவில்லை. வளையல்கள் அத்தனையும் நொறுங்கின.

“அம்மா? அங்க என்ன சத்தம்?”

குணசேகரனின் கையிலிருந்து கடப்பாரை நழுவியது. தங்கமணி பல்லைக் கடித்து மூச்சை அடக்கினாள்.

“ஒண்ணுமில்ல தம்பி. அண்ணன் ஐஸ் பெட்டிக்குச் சொல்லப் போறான். நீ பதறாம வா.”

பாடை கட்டிக்கொண்டிருந்த அரசப்பன் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். “எடுத்துடலாங்களா?”

“நாளைக்கு,” என்றான் குணசேகரன். அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, அவள் மணிக்கட்டில் ஏறியிருந்த பச்சைக் கண்ணாடித் துண்டை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல், கையை மட்டும் நீட்டியிருந்தாள்.