ரேணிகுண்டாவில் வைத்த பூ

ரேணிகுண்டா ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியதும் மா சேன் செய்த முதல் காரியம், குழாயடியில் முகம் கழுவித் தலைசீவிக் கொண்டதுதான். பூக்கூடைக்காரி ஒருத்தி அவள் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்து இரக்கப்பட்டு, மிச்சமிருந்த கனகாம்பரத்தில் ஒரு முழம் கிள்ளிக் கொடுத்தாள். மா சேன் அதைக் கொண்டையில் சுற்றிக்கொண்டாள். புருஷன் வீட்டு வாசலை முதன்முதலாக மிதிக்கப் போகிறவள் வெறுந்தலையோடு போவாளா? அவள் பிறந்த ரங்கூனில் புருஷன் செத்தாலும் பூவுக்குத் தடையில்லை. இந்தத் தேசத்தில் உண்டு என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

சொல்ல வேண்டியவன் ஆதிநாராயணன். ரங்கூன் அரிசி மில்லில் மேஸ்திரியாக இருந்தவன். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் பெண்டாட்டி பிள்ளையோடு நடையாய்க் கிளம்பி, மணிப்பூர் மலையில் காலராவில் போய்விட்டான். குழி தோண்ட மா சேனுக்குத் தெம்பில்லை. இலைகளை அள்ளிப் போட்டு மூடிவிட்டு நடந்தாள். தாய் தகப்பன் குண்டில் போனபின் அவளுக்கென்று மிச்சமிருந்தது, அவன் தன் ஊரென்று அடிக்கடி சொன்ன வடமாலபேட்டை என்ற பெயர் ஒன்றுதான். அங்கே மூத்த பெண்டாட்டி ஒருத்தி இருப்பதையும் அவன் மறைக்கவில்லை.

அவனிடம் கற்ற தமிழில் இரண்டே வாக்கியங்களை வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு வந்தாள். 'அவரு செத்துட்டாரு. இது அவரு பொண்ணு.'

கதவைத் திறந்தவள் அந்த மூத்தவள் தாட்சாயணி. முகத்தைப் பார்க்கவில்லை, தலையைத்தான் பார்த்தாள்.

"மாமா! பர்மாக்காரி வந்துகிறா! பூ வெச்சுக்கினு வந்துகிறா! அவரு நல்லாத்தான் இருக்காரு மாமா!"

அவன் ரங்கூனில் ஒரு பர்மாக்காரியைச் சேர்த்துக்கொண்டது தாட்சாயணிக்குக் காதுவழி எட்டியிருந்தது. அவன் கப்பலேறியதிலிருந்து எட்டு வருஷம் அடக்கி வைத்த அழுகை இப்போது அவளுக்குப் பீறிட்டது. சக்களத்தியை விளக்குமாற்றால் வரவேற்பதுதானே உலக வழக்கம்? இவளோ கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் களியும் குழம்பும் வைத்தாள். குழந்தை இரண்டு கையாலும் அள்ளித் தின்றது. நாலு மாதத்தில் அது வயிறாரத் தின்றது அன்றைக்குத்தான்.

"என் மவன் எங்கம்மா?" என்று கேட்டார் மாமனார் திருமலை.

மா சேன் குழந்தையைப் பார்த்தாள். "பின்னால வந்துகினு இருக்காரு."

"வரட்டும். இவ யாரு, கொழந்த யாருதுன்னு அவனே வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் இங்கயே கெடக்கட்டும்."

செத்தவன் வந்து சாட்சி சொல்லும்வரை தங்கலாம் என்று தீர்ப்பாயிற்று.

அன்றிலிருந்து விடிந்தால் தாட்சாயணி பூ கட்டுவாள். சரத்தை இரண்டாகக் கிள்ளி, பாதியை மா சேன் தலையில் தானே வைத்துவிடுவாள். "அவரு எங்கனா இருந்தா போதும்டி. பங்கு போட்டுக்கினாவது வாழ்ந்துடலாம்" என்பாள். அந்த வார்த்தை மா சேனை நெருப்பாய்ச் சுடும். பூவுக்கு இந்த ஊரில் என்ன அர்த்தம் என்பது அதற்குள் அவளுக்குப் புரிந்திருந்தது.

மகன் பிழைத்தால் முடி கொடுப்பதாக மாமனார் வேண்டியிருந்தார். புரட்டாசி முதல் சனிக்கிழமை எல்லோரும் திருப்பதி மலையேறினார்கள். பெண்கள் இருவரும் மரத்தடியில் உட்கார்ந்திருக்க, கிழவர் மொட்டைத்தலையில் சந்தனம் பூசிக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்துகொண்டிருந்தார்.

மா சேன் அந்தத் தலையையே பார்த்தாள். அவள் ஊரில் மொட்டைத்தலை பிட்சுகளுக்கு உரியது. செத்தவன் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் ஓதுவார்கள். அவள் புருஷனுக்கு ஓத ஒருவரும் இல்லை. இங்கே அவனைப் பெற்றவர் அவன் உயிரோடிருக்கிறான் என்று தலையை மழித்துக்கொண்டு சிரித்தபடி வருகிறார்.

"அக்கா," என்றாள். "அவரு செத்துட்டாரு. மலையில. நான்தான் இல போட்டு மூடினேன்." கொண்டையிலிருந்த பூவைப் பிய்த்துத் தரையில் போட்டாள்.

தாட்சாயணி பூவைப் பொறுக்கி, மயிர் வலிக்க வலிக்க அவள் கொண்டையிலேயே திரும்பச் செருகினாள்.

"வாயத் தெறக்காத. தெரிஞ்சா உன்னியும் கொழந்தயையும் இன்னிக்கே தெருவுல வுட்ருவாரு. புள்ளயில்லாத என்னிய நகரிக்கு, எங்கண்ணன் வூட்டுக்குத் தொரத்துவாரு. அங்க எனக்குக் கஞ்சி ஊத்த நாதியில்ல." செருகிய பூவை இன்னும் அழுத்தினாள். "பாவி, மூணு மாசமா செத்தவருக்குப் பூ வெச்சுக்கினு சிரிச்சேனேடி. இனிமே அழுவக்கூட முடியாம பண்ணிட்டியே!"

மா சேன் அவள் மடியில் முகம் புதைத்தாள். எது யார் அழுகை என்று தெரியாமல் இருவரும் குலுங்கினார்கள்.

"இன்னாத்துக்கு ரெண்டு பேரும் அழுவுறீங்க?" என்றார் கிழவர், எதிரே வந்து நின்று.

"சந்தோசத்துல மாமா" என்றாள் தாட்சாயணி.

"தீவாளிக்குள்ள வந்துடுவான் பாரு" என்று அவர் மொட்டைத்தலையைத் தடவிக்கொண்டார்.

வீடு திரும்பிய மறுநாள் விடிந்ததும் தாட்சாயணி பூ கட்டினாள். சரத்தை இரண்டாகக் கிள்ளினாள். மா சேன் வந்து அவள் முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்தாள்.