கடைசியாகப் போட்ட ஓட்டு

மனைவி போன பிறகு என் போன் அடிப்பதே அபூர்வம். மகன் வேறு தேசத்தில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவான், நானும் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் அனுப்புவேன். அதோடு குடும்பப் பேச்சு முடிந்தது. அதனால்தான், முன்பின் தெரியாத பெண் ஒருத்தி ஒரு காலையில் கூப்பிட்டு நலம் விசாரித்தபோது, ஏதோ விற்கப் பார்க்கிறாள் என்று தெரிந்தும் நான் போனை வைக்கவில்லை.

அவள் விற்க வரவில்லை. என் மனைவி வேலை பார்த்த பம்பு கம்பெனியின் சார்பில் பேசினாள். கம்பெனி சின்னதாக இருந்த காலத்தில், சம்பள உயர்வுக்குப் பதிலாகப் பங்குகளைக் கொடுத்துச் சமாளித்தார்கள். அவை குட்டி போட்டுப் பெருகி இப்போது என் பெயரில் கிடக்கின்றன. ஒரு பெரிய கம்பெனி இவர்களை வளைத்துப்போடப் பார்க்கிறதாம். இயக்குநர் குழுவைக் கூண்டோடு மாற்றப் பொதுக்கூட்டத்தில் ஓட்டெடுப்பாம். இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாக நிற்பதால் என்னைப் போன்றவர்களுக்குத் திடீர் மவுசு. சாயங்காலமே வாங்க வந்தவர்கள் சார்பில் ஒருவன் கூப்பிட்டான். அவளுக்கு ஆளுங்கட்சி, அவனுக்கு எதிர்க்கட்சி என்று பெயர் வைத்தேன்.

எதிர்க்கட்சி கெட்டிக்காரன். பம்பு கம்பெனியின் தலைவர் தன் மச்சானையும் சீட்டாட்டக் கூட்டாளிகளையும் குழுவில் உட்கார வைத்திருக்கிறார், கேள்வி கேட்க ஆளில்லை என்றான். வெளியாள் யாராவது ஓர் அளவுக்கு மேல் பங்கு வாங்கினால், அவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் பாதி விலையில் புதுப் பங்குகளை அள்ளிவிடுவது என்று ஒரு விதி வேறு. வாங்க வந்தவனுக்கு மூச்சு முட்டிவிடும். இது கம்பெனியைக் காப்பாற்றவா, நாற்காலியைக் காப்பாற்றவா என்று கேட்டான். நியாயமான கேள்வி. மறுநாள் அதையே ஆளுங்கட்சியிடம் கேட்டேன். அந்த விதி இல்லாவிட்டால் அடிமாட்டு விலைக்கு வாங்கி, தொழிற்சாலை நிலத்தை விற்றுவிட்டுப் போய்விடுவார்கள் என்றாள். அதுவும் நியாயம்தான்.

எனக்கு முடிவெடுக்கத் தெரியாமல் இல்லை. முடிவெடுத்துவிட்டால் போன் நின்றுவிடுமே என்றுதான் இழுத்துக்கொண்டே இருந்தேன்.

ஒருநாள் ஆளுங்கட்சி வழக்கமான பாடத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அம்மா அங்க என்ன வேலை பார்த்தாங்க சார்?"

மனைவி இறந்ததிலிருந்து யாரும் என்னிடம் அவளைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. எல்லோரும் என் சர்க்கரை அளவைத்தான் கேட்டார்கள். சோதனைப் பிரிவில் இருந்தாள், ஒவ்வொரு பம்பையும் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பாள் என்றேன். கடையில் பிளாஸ்க் வாங்கினால்கூடத் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பார்த்துத்தான் காசு கொடுப்பாள், கடைக்காரன் அவளைக் கண்டாலே உள்ளே போய்விடுவான் என்றும் சொன்னேன். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே அன்று போனிலேயே ஓட்டை ஆளுங்கட்சிக்குப் போட்டேன்.

மறுநாள் அவள் கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஓட்டுப் போட்டு முடித்தவனிடம் அவளுக்கு என்ன பேச்சு இருக்கிறது? யார் எந்தப் பக்கம் போட்டார்கள் என்ற பட்டியல் தினமும் இரண்டு பக்கத்துக்கும் போகிறதாம்; எதிர்க்கட்சிதான் பதறியடித்துக்கொண்டு கூப்பிட்டான். கூட்டம் நடக்கும்வரை மாற்றிக்கொள்ளலாம், கடைசியாகப் போட்ட ஓட்டுதான் செல்லும் என்றான். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? உடனே அவனுக்கு மாற்றிப் போட்டேன். சாயங்காலத்துக்குள் ஆளுங்கட்சியிடமிருந்து போன்.

"என்ன சார், இப்படிக் காலை வாரிட்டீங்க?"

அதன்பிறகு எனக்கு அதே வேலையாகிவிட்டது. இன்று அவளுக்கு, நாளை அவனுக்கு. என் மனைவி இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். இருந்திருந்தால் நான் ஏன் இதைச் செய்யப் போகிறேன்?

கூட்டம் நடக்கவே இல்லை. இரண்டு கம்பெனிகளும் சமாதானமாகிவிட்டன. வாங்க வந்தவர்களுக்குக் குழுவில் இரண்டு இடம், பதிலுக்கு அவர்கள் மேற்கொண்டு பங்கு வாங்க மாட்டார்கள். தலைவர் தலைவராகவே இருப்பார், மச்சானும் இருப்பான். எங்கள் ஓட்டு ஒருவருக்கும் தேவைப்படவில்லை. செய்தித்தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு கட்சியில் ஒருவராவது கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம் என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தைச் சொல்லவும் ஆளில்லை.

கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, நானே அவள் எண்ணுக்குக் கூப்பிட்டேன். ஒரு சிமென்ட் கம்பெனியின் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தாள். அங்கேயும் இதே சண்டையாம், போனில் பேசி ஓட்டுச் சேர்க்க இவள் ஆபீஸைத்தான் அமர்த்தியிருக்கிறார்களாம். குரலை வைத்தே என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். சந்தோஷப்பட்டாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பேசுவதெல்லாம் பதிவாகிறது, அந்தக் கம்பெனியின் பங்குதாரர்களிடம் மட்டும்தான் பேசலாம் என்று தயங்கினாள்.

"அவ்வளவுதானேம்மா? நாளைக்கே அந்த சிமென்ட் ஷேரை வாங்கிடுறேன். நீ கூப்பிடு, யோசிச்சுச் சொல்றேன்னு நான் சொல்றேன்."

அவள் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"ஓட்டுப் போடுறவங்க பட்டியலை போன வாரமே மூடிட்டாங்க சார். இனிமே வாங்கினா உங்களுக்கு ஓட்டு கிடையாது."

ஓட்டு யாருக்கு வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சரிம்மா என்றேன். அவளும் உடனே வைத்துவிடவில்லை. அவளுக்குப் பின்னால் பல குரல்கள் யார் யாரையோ நலம் விசாரித்துக்கொண்டிருந்தன.

"சாப்பிட்டீங்களா சார்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

சாப்பிட்டிருந்தேன். இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள் என்பதற்காகவே, இல்லை என்றேன். அதற்குள் அவளுக்கு அடுத்த அழைப்பு வந்துவிட்டது.