தோடு போட்ட எலி

விடியற்காலையில் கழிவுநீர்க் கானோரம் குந்தியிருந்து லவினா எலிக்கூடுகளைத் திறந்துகொண்டிருந்தாள். கொட்டாஞ்சேனையில் துறைமுகத் தொழிலாளர் குடியிருக்கும் தோட்டம் அது. அகப்பட்ட எலியிடம் சிறுநீர் எடுத்து, காதில் இலக்கத் தகடு குத்தி, பிடித்த இடத்திலேயே விடவேண்டும். தகடு போட்டவை எத்தனை மறுபடி சிக்குகின்றன என்பதை வைத்துத்தான் மொத்த எலிகளைக் கணக்கிடுவார்கள். காய்ச்சல் கிருமி இருக்கிறதா என்று ஆய்வுகூடம் சொல்லக் கிழமைக்கணக்கில் ஆகும். எலி அதுவரை காத்திருக்குமா என்ன!

எலிக்காய்ச்சல் ஆராய்ச்சியில் மாடாய் உழைத்தும் அவள் பல்கலைக்கழகத்தில் இன்னும் ஒப்பந்த உதவியாளர்தான். இந்த வேலை முடிந்தால் கலாநிதிப் பட்டம், நிரந்தர விரிவுரையாளர் பதவி. பாதியில் நின்றால் இருக்கிற ஒப்பந்தமும் போய்விடும்.

"மிஸ், இங்க பாருங்க."

ஹெக்டர் நின்றான். போன கிழமை எலிக்காய்ச்சலில் செத்த ரெனால்டின் அண்ணன். அவன் கையில் ஒரு செத்த எலி வாலில் தொங்கியது. காதில் தகடு.

"தம்பிட குசினி அடுப்படியில அடிச்சது. எங்கட எலிக்கு யாரு தோடு போட்ட? கம்பஸில இருந்து காய்ச்சல் எலி கொண்டுவந்து விட்டது நீங்கதானே?"

"ஐயோ இல்ல அண்ணே. இங்க பிடிச்சதைத்தான் இங்கயே விட்டனான்."

உண்மையைச் சொன்னால் தப்பலாம் என்று நினைத்துவிட்டாள், பாவம்.

"பிடிச்சதை விட்டியா?" அவன் குரலில் மரியாதை போய்விட்டது. "கையில ஆப்பிட்டதைக் கொல்லாம ஏன்டி விட்ட?"

"எண்ணுறதுக்கு..."

அறை விழுந்தது. அவள் சுதாரிப்பதற்குள் அவன் இரும்புக் கூட்டைத் தூக்கி அவள் வலது கையில் ஓங்கி அடித்தான். விரல் எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அதற்குள் கூடிவிட்டவர்களில் யாரோ தலைமயிரைப் பிடித்துக் கானுக்குள் தள்ளினார்கள். முதுகில் உதை விழுந்தது. ரெனால்டின் மனைவி பேர்ணடெற்தான் குறுக்கே விழுந்து தடுத்தாள்.

"விடுங்க! அவ செத்துப்போயிருவா!"

பொலிஸ் வந்தது. ஹெக்டரைச் சாவுவீட்டு வெள்ளைக் கொடிக்குக் கீழே போட்டு வாயிலேயே மிதித்தார்கள். பல் தெறித்தது. போதும் என்று லவினா சிங்களத்தில் கத்தினாள். மிஸ்ஸுக்காகத்தானே அடிக்கிறோம் என்றார் சார்ஜன்.

ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியர் அசோக்குமார் வெள்ளவத்தை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"பொலிஸ் பாதுகாப்புக்குச் சொல்லிட்டன். நாளைக்குப் பிடிக்காம விட்டா கணக்கு பிழைச்சிரும்."

"இனிப் பிடிக்கிறதைக் கொல்லுவமா, சேர்?"

"கொன்னா எப்பிடி எண்ணுறது?"

"அந்த ரெனால்டுட வீட்டில சின்னப்பிள்ளை இருக்கு சேர்."

"ஏலாட்டி சொல்லுங்க. வேற ஆளைப் போடுறன்."

ஒப்பந்தம் போய்விடுமே என்றுதான் மனம் முதலில் கணக்குப் போட்டது. தன்மீதே அருவருப்பாக இருந்தது.

"வேணாம் சேர். நானே போறன்."

மறுநாள் தோட்டத்தில் ஒரு கதவும் திறக்கவில்லை. பேர்ணடெற்றின் வாசலில் வைத்திருந்த கூட்டில் எலி. வலக்கையில் மாவுக்கட்டு, இடக்கையால் தட்டுத்தடுமாறித் தகடு குத்தினாள். எலியைப் போட்டிருந்த துணிப்பையை அவிழ்த்துவிட்டாள்.

எலி நேரே கதவிடுக்கால் வீட்டுக்குள் ஓடியது. உள்ளே பிள்ளை வீரிட்டது. காவலுக்கு வந்த பொலிஸ்காரர் பொல்லுத்தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்தக் கதவையே பார்த்தபடி நின்றார்.